நல்ல வார்த்தை

கஸ்மீரின் இடது காலில் சாக்ஸ் ஏறவில்லை. செவரின் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைக்கூட முதுகுப் பக்கம் கத்தரித்து எப்படியோ மாட்டிவிட்டார்கள். சாக்ஸ்தான் குதிகாலோடு நின்று அடம்பிடித்தது.

"விடுங்கக்கா, நான் போடறேன்." ஹசனப்பா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "க்ளச் மிதிச்ச காலு. சாயங்காலமானா வீங்கிடும். மூல்கி தாண்டினதும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஓட்டுவாரு."

முப்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த செவரினுக்கு அது தெரியாது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. சொந்தக்காரர்களுக்கு முன்னால் ஹசனப்பாவுக்குத்தான் போன் போட்டாள். கின்னிகோளி வழியாக மங்களூருக்கும் கார்க்களாவுக்கும் ஓடிய அந்தத் தனியார் பஸ்ஸில் கஸ்மீர் டிரைவர், ஹசனப்பா கண்டக்டர். ஒன்றல்ல இரண்டல்ல, இருபத்திரண்டு வருடம். முதல் டிரிப்புக்கு முன்னால் இருவரும் அவள் வீட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். மழை நாட்களில் ஹசனப்பாவின் காக்கிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டும். துண்டை எடுத்து நீட்டுவாள். தன் வீட்டில் வேற்றுமை கிடையாது என்பதில் அவளுக்குப் பெருமை. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுகளில் முதல் தட்டு ஹசனப்பா வீட்டுக்குத்தான் போகும்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் அவள் அடிக்கடி சொல்வாள்: "உன்னைப் பாத்தா பேரி ஆளு மாதிரியே தெரியல ஹசனப்பா." பேரி என்பது அந்தக் கரையோரத்து முஸ்லிம்களுக்குப் பெயர். சத்தம் போடாமல் பேசுகிறார், சொன்ன நேரத்துக்கு வருகிறார் என்று மனசார மெச்சித்தான் சொல்வாள். ஹசனப்பா உதட்டைப் பிரிக்காமல் சிரித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்ப்பார். வெட்கப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு தடவை கஸ்மீர், அவனிடம் இனி அப்படிச் சொல்லாதே என்றார். புகழ்ந்துதானே சொன்னேன் என்று கேட்டாள். அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜெபமாலை முடிந்து பெண்கள் ஏற்கெனவே முற்றத்துக்குப் போயிருந்தார்கள். ஹசனப்பா சாக்ஸை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி நெபிசா உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. நெபிசா தரையில் உட்கார்ந்து செவரினின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். பிறகு நெபிசா வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள். துடைத்த தரை, மடித்து வைத்த துணி, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள்.

"உங்களைப் பாத்தா கிறிஸ்துவங்க மாதிரியே இல்லக்கா," என்றாள் கனிவாக. "என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு சுத்தம்."

அந்தக் குரலில் பாசம் தவிர வேறெதுவும் இல்லை. செவரினுக்கு அது புரிந்தது. ஆனாலும் தினம் இரண்டு வேளை வீட்டைப் பெருக்கிய அம்மா, வெளியே உட்கார்ந்திருக்கும் நாத்தனார்கள், இவ்வளவு நேரம் கூடவே ஜெபித்த பெண்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் அழுக்கானவர்களாகிவிட்டார்கள். அவளை மட்டும் தனியாகத் தூக்கி வெளியே நிறுத்தியாயிற்று.

உதட்டைப் பிரிக்காமல் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் குனிந்தபோதுதான் அந்தச் சிரிப்பை எங்கே பார்த்திருக்கிறோம் என்று தெரிந்தது.

ஹசனப்பாவுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கஸ்மீரின் காலடியில் இருந்த ஹசனப்பா, மனைவி சொன்னதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

"கிறிஸ்துவங்க வீட்டுக்கு நீ எத்தனை தடவை போயிருக்கே, நெபிசா?" செவரின் மெதுவாகத்தான் கேட்டாள்.

நெபிசா யோசித்தாள். "இப்பத்தான்கா. இதுதான் முதல் வீடு."

"நானும் உங்க வீட்டுக்கு வந்ததே இல்ல. ஆறு மைல்கூட இருக்காது." பலகாரத் தட்டு போயிருந்தது, அவள் போகவில்லை.

நெபிசா அவள் கையை விடவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். வெறும் வயிறு என்றதும் கொண்டுவந்திருந்த கஞ்சியை ஊற்ற எழுந்து போனாள்.

"எத்தனை தடவை உன்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பேன், ஹசனப்பா?"

அவர் சாக்ஸை ஒருவழியாக ஏற்றி, மடிப்பை நீவிவிட்டார். "யாரு கணக்கு வச்சாங்க. விடுங்கக்கா. நானும் என் வீட்ல உங்களைப் பத்தி அப்படித்தான் பெருமை பேசியிருக்கேன். அங்கேருந்துதான் அவ எடுத்துக்கிட்டா."

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க சொல்ற அன்னிக்கெல்லாம் அண்ணன் பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி என்னைத் திரும்பிப் பாப்பாரு. 'மனசுல வச்சுக்காதடா'ம்பாரு. அவ்வளவுதான். அப்புறம் கார்க்களா வரைக்கும் பேச்சே இருக்காது."

செவரின் கணவரின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். யாரோ நன்றாகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குத் தேவாலயத்துக்குக் கிளம்ப வேன் வந்தது. பெட்டியை ஏற்றியதும், உள்ளே இடம் குறைவு, வீட்டு ஆட்கள் மட்டும் ஏறுங்கள் என்று மைத்துனர் பெனடிக்ட் சொல்லிக்கொண்டிருந்தார். செவரின் ஏறி உட்கார்ந்து நெபிசாவைக் கூப்பிட்டாள். பெனடிக்ட் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். நெபிசா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, பெட்டியில் கால் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தாள். கீழே வைக்க இடமில்லாத மலர்வளையத்தை யாரோ அவள் மடியில் வைத்தார்கள்.

ஹசனப்பா வெளியிலிருந்து கதவைச் சாத்தி, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

வேன் நகர்ந்தது. முற்றத்து மேடு பள்ளத்தில் மலர்வளையம் சரியப் பார்த்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.