துடுப்புக்குப் பலம் கூட்டினார்கள்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, விளக்குச் சூட்டில் கத்தியைக் காட்டி, மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பல்லுக்காரியின் கைப்பேசி துடித்தது. பல்லுக்காரி என்றதும் பல் பிடுங்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பிடுங்கக் கொடுத்தவர்களுக்குப் புதுப் பல் செய்து தருகிற கூடத்தில் அவளுக்கு வேலை. முன்பின் பார்த்திராத மனிதர்களின் வாய் அச்சுகள் அவள் மேசையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இளித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து, முடியளவு கூடினால் உறுத்தும், முடியளவு குறைந்தால் மெல்லாது என்று பதினாறு வருஷமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

செய்தி அனுப்பியவன் அவள் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஏதோ ஒரு கட்டடத்தின் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு எழுதியிருந்தான். "வாழ்த்துகள் அக்கா. உன் படகுக்காரிக்குப் பலம் ஏத்திட்டாங்க. இனிமே நான் எதுக்கு? ஞாயித்துக்கிழமை வந்து உனக்குக் கை குடுத்துட்டுப் போறேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வைத்த இடம் மெழுகுப் பல்லின் மேல் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

இந்தப் படகுக்காரி யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவள் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது. திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்கிற சண்டை ஆட்டம் ஒன்று. ஆளுக்கொரு பாத்திரத்தைத் தேர்ந்துகொண்டு, பட்டன்களைத் தட்டி ஆட வேண்டும். மொத்தம் இருபத்தாறு பாத்திரங்கள். இவர்களில் யாருக்கு யார் தோது, யாருக்கு யார் எமன் என்பதுதான் ஆட்டக்காரர்களுக்கு மூன்று வேளையும் பேச்சு. பல்லுக்காரி ஏழு வருஷமாக ஆடுவது படகுக்காரியை. கனத்த உடம்பு, மெல்ல நடை, கையில் ஆள் உயரத் துடுப்பு. தம்பி ஆடுவது வெட்டுக்கிளியை. ஒல்லிக்குச்சி, ஓரிடத்தில் நிற்க மாட்டான், எந்நேரமும் தலைக்கு மேல் குதிப்பான்.

நியாயப்படி பார்த்தால் குதிக்கிறவன் நடக்கிறவளை நார்நாராகக் கிழித்திருக்க வேண்டும். கிழிக்க முடியாததற்கு ஒரே ஒரு காரணம்தான். படகுக்காரி துடுப்பை வீசினால் எதிராளி ஓர் அடி பின்னால் தள்ளாடுவான். அவன் நிமிர்வதற்குள் துடுப்பின் அடிக்கட்டையால் இரண்டாவதாக ஒரு குத்து. வீச்சு, குத்து. இரண்டுக்கும் நடுவே ஈ நுழைய இடம் இருக்காது. வெட்டுக்கிளி குதிக்க நினைத்தால் குத்து அவனைக் கீழே இழுத்துப் போடும். அதனால் வீச்சு விழுந்தால் குந்தி உட்கார்ந்து, கையைக் குறுக்கே கட்டித் தடுத்துக்கொள்வது ஒன்றே அவனுக்கு வழி. ஏழு வருஷமாகத் தம்பி அப்படித்தான் குந்திக்கொண்டிருந்தான்.

இப்போது ஆட்டத்தைத் தயாரிக்கும் நிறுவனம் திருத்தம் போட்டிருந்தது. பாத்திரங்களுக்குள் ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று நாலு மாதத்துக்கு ஒருமுறை ஒருவனைக் குறைப்பார்கள், ஒருத்தியை ஏற்றுவார்கள். படகுக்காரிக்கு இரண்டே வரி. துடுப்பு வீச்சின் அடி கூட்டப்பட்டுள்ளது. எதிராளியை முன்னைவிடத் தூரம் தள்ளும்.

உலகம் முழுக்க முதல் வரியைப் படித்தது. பல்லுக்காரி இரண்டாவது வரியைப் படித்தாள். தூரம் தள்ளினால் அடிக்கட்டை எப்படி எட்டும்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு ஆட்டப்பெட்டியைப் போட்டுப் பயிற்சி அறைக்குள் போனாள். அங்கே எதிராளி இயந்திரம்தான். வீசினாள். இயந்திர வெட்டுக்கிளி இரண்டு அடி தள்ளிப் போய் விழுந்தான். குத்தினாள். காற்றைக் குத்தினாள். துடுப்பைத் திரும்ப இழுப்பதற்குள் அவன் எம்பி அவள் தலையில் இறங்கினான். நாற்பது தடவை வீசினாள். நாற்பது தடவையும் தலையில்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்தை!"

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டோடு வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "எழுபது இருந்த அடி எழுபத்தேழு ஆயிருக்கு. பத்து சதவீதம் லாபம். இதுக்கு எதுக்கு இப்படிக் கத்துற?"

"அடுத்த அடி விழலையே! ஒருத்தருக்கு முன்பல்லை நல்லா பலமா, நீளமா செஞ்சு குடுத்துட்டா வாயை மூட முடியுமா?"

"மூட வேண்டாம். சிரிச்ச முகமா இருக்கட்டும்."

"உங்ககிட்டப் போய் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

வியாழக்கிழமை ஜெராக்ஸம்மாவிடம் போனாள். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆறு ஆட்டப்பெட்டிகளும் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக ஆட்டக்காரர் மன்றம். இரண்டுக்கும் ஜெராக்ஸம்மாதான் சொந்தக்காரி. யாரோ ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படியெடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அந்த அம்மாள் தலையை ஆட்டினாள்.

"பரீட்சையில நூறு வாங்கிட்டு, பேப்பர் கஷ்டம்னு அழுமே சில பிள்ளைங்க, அந்த மாதிரி இருக்கு நீ பேசுறது. ஏத்தின ஆளே அழுதா, குறைச்ச ஆளுங்க எங்க போய் முட்டிக்கிறது?"

"ஏத்தலைம்மா, கெடுத்துட்டாங்க! மத்த இருபத்தஞ்சு பேரோட ஆடினா லாபம்தான், நான் இல்லேன்னு சொல்லலையே. வெட்டுக்கிளியோட ஆடினா நான் செத்தேன். ஞாயித்துக்கிழமை எனக்கு எதிர்ல உட்காரப் போறது யாரு? வெட்டுக்கிளி!"

"உன் தம்பி என்னடான்னா பயந்துபோய்க் கிடக்கான். நீ இப்படிச் சொல்ற. அக்காவும் தம்பியும் சேர்ந்து எனக்குக் காது குத்துறீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அவ்வளவு முக்கியம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய போட்டிக்கு மன்றத்துக்கு ஓர் ஆள்தான் போகலாம். முந்தின வருஷம் தேர்வாகியும், மகளுக்கு அம்மை போட்டதால் போகவில்லை. அதற்கு முந்தின வருஷம் முதலாளி விடுப்புத் தரவில்லை. இந்த வருஷம் எட்டு மாதம் நச்சரித்து நாலு நாள் வாங்கி வைத்திருந்தாள். வயது முப்பத்தொன்பது. விரல்கள் இன்னும் சொன்ன பேச்சுக் கேட்கின்றன. ஆனால் சொன்னதற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு நொடியின் துணுக்கு விழ ஆரம்பித்திருப்பதை அவள் ஒருத்திதான் அறிவாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இனிச் சொல்வதற்கில்லை. மன்றத் தேர்வில் கடைசிக்கு மிஞ்சி நின்றவர்கள் அக்காவும் தம்பியும். ஐந்து ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு இடம்.

வெள்ளியும் சனியும் அவள் துடுப்பையே தொடவில்லை. தொட்டால் தலையில் இறங்குகிறானே. அதற்குப் பதிலாக ஏழு வருஷமாக ஒட்டடை படிந்து கிடந்த உதைகளையும் வலைவீச்சையும் எடுத்துத் தூசி தட்டினாள். ஒன்றும் கைக்கு வரவில்லை. நடு நடுவே தம்பி வேறு தொலைபேசியில் வந்து, "அக்கா, கொஞ்சம் பார்த்து அடி, தாங்க மாட்டேன்" என்று கொஞ்சுவான். "குத்து எட்டலைடா, கெடுத்து வெச்சிருக்காங்க! வைடா போனை!" என்பாள். அவன் சிரிப்பான். கணவர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "பத்து சதவீதம் கூடின ஆயுதத்தை விட்டுட்டு எதுக்கு உதைச்சிட்டிருக்கே?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் விடைத்தாள் கட்டோடு சமையலறைக்கே குடி போய்விட்டார்.

ஞாயிறு காலை மன்றத்து மாடி நிறைந்திருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே திரைக்கு முன் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"ஆசீர்வாதம் பண்ணுக்கா."

"முதுகுல ஒண்ணு வைப்பேன். ஆடுறா."

முதல் மூன்று ஆட்டமும் போயே போய்விட்டன. அவள் உதைத்தாள், அவன் குதித்தான். அவள் வலை வீசினாள், அவன் வலைக்கு மேலே பறந்தான். மூன்றுக்குப் பூஜ்யம். தம்பிக்கே முகம் கறுத்துவிட்டது. "என்னக்கா, விளையாடுறியா? ஏன் துடுப்பை எடுக்க மாட்டேங்கிற? எனக்கு விட்டுக் குடுக்கிறியா? அப்படி ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

விட்டுக்கொடுக்கிறாளாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது? நாலு நாளா தொண்டை கிழியச் சொல்றேனே!"

நாலாவது ஆட்டம். கோபத்தில் மூளை வழிவிட்டது. கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. வீச்சு. விழுந்தது. வெட்டுக்கிளி இரண்டு அடி பின்னால் போனான். கை நிற்கவில்லை. குத்து. காற்றில். சரி, தலையில் இறங்கப் போகிறான் என்று அவள் கண்ணை மூடித் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

ஒன்றும் இறங்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தால், இரண்டு அடி தள்ளி, வெட்டுக்கிளி கையைக் குறுக்கே கட்டிக் குந்திக்கொண்டிருந்தான். வராத குத்துக்கு. எட்டவே எட்டாத குத்துக்கு. இயந்திரத்துக்குப் பயம் கிடையாது, அது திருத்தம் வந்த அன்றே குதித்துவிட்டது. தம்பிக்கோ ஏழு வருஷப் பயம் விரலில் ஊறிக் கிடந்தது. அதை எந்த நிறுவனமும் திருத்தவில்லை.

அவள் இன்னொரு தடவை வீசினாள். இந்தத் தடவை குத்தவில்லை. பொறுமையாக இரண்டு அடி நடந்து போனாள். தம்பி குந்தியபடியே இருந்தான். கையைக் கட்டித் தடுப்பவன் அடிக்குத் தப்பலாம், பிடிக்குத் தப்ப முடியாது. படகுக்காரி அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தரையில் அடித்தாள்.

"ஏய், என்னது இது!" என்றான் தம்பி.

மறுபடி வீச்சு, நடை, பிடி. மறுபடி வீச்சு, நடை, பிடி. மூன்றுக்கு ஒன்று. மூன்றுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. மாடியில் சத்தம் காதைப் பிளந்தது. தம்பி கையிலிருந்த பட்டன் பலகையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினான். "பார்த்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா? இவ்வளவு பலம் ஏத்தினா மனுஷன் எப்படி ஆடுறது? இதெல்லாம் ஒரு திருத்தமா?"

ஜெராக்ஸம்மா அவளைப் பார்த்து, "இதைத்தான் கெட்டுப்போச்சுன்னு அழுதியா?" என்றாள்.

நாலு நாளாக ஒவ்வொருத்தரிடமும் மறுத்து மறுத்து வாய் வலித்தவள், இப்போது அந்த வாயைத் திறக்கவில்லை. ஏத்தித்தான் விட்டார்கள் போலிருக்கிறது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். கையை நிறுத்தவில்லை. நாலாவதையும் அடித்தாள். அடுத்ததில் தம்பி பதறிப்போய், துடுப்பு வருமுன்பே கண்மண் தெரியாமல் குதித்து ஒன்றைப் பிடுங்கினான். நாலுக்கு நாலு.

கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் உயிர் ஒரு நூலில். துடுப்பு விழுந்தது. தம்பியின் கட்டைவிரல் மேல் பட்டனுக்குப் போனதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். குதிக்கப் போகிறான். முடிந்தது. ஆனால் விரல் அங்கே போய்த் தயங்கிவிட்டுத் திரும்பித் தடுப்புக்கே வந்தது. அவள் இரண்டு அடி நடந்தாள்.

ஜெராக்ஸம்மா பலகையில் அவள் பெயரை எழுதியபோது எல்லாரும் கை தட்டினார்கள். தம்பிதான் எல்லாரையும்விட உரக்கத் தட்டினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதைவிட இன்னொன்று, ஜெராக்ஸம்மா சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைப்பதற்குள்ளேயே அவளுக்கு உறைத்துவிட்டது. பதினைந்து நாளில் பெரிய போட்டி. அங்கேயும் வெட்டுக்கிளிகள் வருவார்கள். அவர்கள் இவள் தம்பிகள் இல்லை. இவளிடம் ஏழு வருஷம் உதை வாங்கியவர்கள் இல்லை. துடுப்பு விழுந்ததும் அவர்கள் பாட்டுக்குக் குதிப்பார்கள். உலகத்திலேயே ஒரே ஒருத்தனிடம் செல்லுபடியாகிற வித்தையை வைத்துக்கொண்டு இவள் ரயில் ஏறப் போகிறாள்.

படியிறங்கும்போது தம்பியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டேய், நாளையிலிருந்து வேலை முடிஞ்சு தினமும் நம்ம வீட்டுக்கு வா. என்னோட ஆடு. ஆனா துடுப்பு விழுந்தா குந்தாதே. குதி."

"குதிச்சா குத்து விழுமே."

"விழாது."

"விழாதுன்னா?"

"எட்டாதுடா. புதன்கிழமையிலிருந்தே எட்டாது. நான் எத்தனை தடவை சொன்னேன்?"

தம்பி ஒரு படி கீழே இறங்கினான். இரண்டு படி மேலே ஏறினான். அவன் கண் முன்னால் காலையில் ஆடிய ஒன்பது ஆட்டமும் ஓடுவது அவளுக்கே தெரிந்தது.

"அப்போ நான் குதிச்சிருந்தா..."

"ஜெயிச்சிருப்ப."

"நான் அங்க நின்னு பலம் பலம்னு கத்திட்டிருந்தேன். நீ வாயை மூடிட்டு இருந்தே."

"நாலு நாள் வாயைத் திறந்துதான் வெச்சிருந்தேன். நீ ஒரு நாள் கேட்டியா? அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து சோதிச்சுப் பார்த்தியா?"

"அக்கான்னு நினைச்சேன்!"

"போட்டியில என்னடா அக்கா?"

"சரி. அப்போ பயிற்சியில மட்டும் என்ன தம்பி?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை ஆறு மணி ஆயிற்று, வரவில்லை. ஆறரை. கணவர், "போன் பண்ணேன்" என்றார். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்றவள் மூன்று தடவை வாசலுக்குப் போய்வந்தாள். ஏழு மணிக்கு உடம்பெல்லாம் கிரீஸ் வாடையோடு தம்பி வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான். நாற்காலியை அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"உனக்காக வரலை. எவனோ ஒரு வெட்டுக்கிளி உன்னைப் போட்டு மிதிக்கிறதை எல்லாரும் பார்த்தா, எங்க மன்றத்துக்குத்தான் அசிங்கம்."

"சரிடா."

"பேசாதே. ஆடு."

துடுப்பு விழுந்தது. அவன் குதித்தான். அவள் தலையில் இறங்கினான். துடுப்பு விழுந்தது. குதித்தான். இறங்கினான். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துக் குதித்தான். பதினோரு ஆட்டம் வரிசையாகத் தோற்று, அவளுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பட்டன் பலகையை மடியில் நேராக வைத்தாள்.

"அப்படித்தான்," என்றாள். "இன்னொரு தடவை குதி."