சரக்கு அறை விளக்கு

பாறையில் மோதிக் கிழிந்த படகை யார்டுக்கு இழுத்து வந்து, அடியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து முடித்த பிறகுதான் மீட்டரைக் கூப்பிட்டார்கள். அவள் படகுகளுக்கு ஒயரிங் செய்பவள். கையில் மல்டிமீட்டர் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை என்பதால் யார்டில் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கும் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனாள் என்று வெல்டர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் மறுத்ததில்லை.

படகுக்காரி அவளைவிட வயதில் மூத்தவள். மீட்டர் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அக்காவின் கணவர் அந்தப் படகில் தீவுகளுக்கு சிமெண்டும் மளிகையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். போன குளிர்காலத்தில் மூடுபனியில் படகு பாறையில் ஏறியபோது அவர் கீழே சரக்கு அறையில் இருந்தார். தண்ணீர் புகுந்ததும் மூட்டைகள் சரிந்து ஏணியை அடைத்துக்கொண்டன. அவர் மேலே வரவில்லை. சுக்கானைப் பிடித்திருந்தவன் அவருடைய தம்பி. அவன் நீந்திக் கரையேறினான்.

திரையெல்லாம் திடீரென்று அணைந்துவிட்டது, எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுக்கான் பிடித்தவரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. நீ மட்டும் எதுக்கு வந்தே என்று ஆஸ்பத்திரியில் வைத்தே அம்மா அவனைக் கேட்டார். அதற்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஐஸ் ஃபேக்டரியை ஒட்டி ஒரு அறை எடுத்துக்கொண்டு அங்கேயே ஐஸ் கட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அண்ணி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

படகை விற்றுவிடச் சொல்லி ஊரே சொன்னதாம். விற்றுவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா என்று அக்கா கேட்டாளாம். ஓட்டுவதற்கு ஒரு ஆளைப் பேசி வைத்திருந்தாள். மீட்டரிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஒண்ணு கெட்டா எல்லாம் சேர்ந்து சாகக் கூடாது. அந்த மாதிரி கட்டிக் குடு."

மீட்டர் பழைய கேபிளைப் பிரித்து எடுப்பதில் தொடங்கினாள். இப்போதைய படகுகளில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் கருவி, திசைமானி, தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோ பைலட் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரே ஒரு மெயின் கேபிள் படகின் நீளத்துக்கும் ஓடும். தெருவில் ஓடும் குடிநீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு வீடு கிளை பிரிப்பதுபோல, ஒவ்வொரு கருவிக்கும் அதிலிருந்து ஒரு சின்னக் கிளை. செய்தி போவதும் அதில்தான், அந்தக் கருவிகளுக்கான மின்சாரம் போவதும் அதில்தான். ஆகவே அந்தக் கேபிளை வேறு எதற்கும் தொடக் கூடாது. தொட்டால் கெடுவது ஒரு வீட்டுக் குழாய் இல்லை, தெரு முழுக்க.

அக்காவின் கணவர் எல்லாவற்றையும் தன் கையாலேயே மாட்டியிருந்தார். ஒவ்வொரு வருடமும் ஒரு கருவி வாங்கிச் சேர்த்தது பார்த்த உடனே தெரிந்தது. சுத்தமான கைதான். ஒவ்வொரு இணைப்பையும் டேப் சுற்றி, அதன் மேல் மீன் நரம்பால் நெருக்கமாகக் கட்டியிருந்தார். படகு முழுக்க ஒரே மாதிரிக் கட்டு. யாரோ ஊர் பேர் தெரியாதவன் செய்த வேலை என்று சொல்ல வழியில்லை.

சரக்கு அறையின் மேல் தட்டுக்குப் பின்னால் அவள் அதைப் பார்த்தாள். மெயின் கேபிளின் தோலைச் சீவி, உள்ளே இருந்த மெல்லிய மின்கம்பிகளிலிருந்து இரண்டு ஒயர்களை முறுக்கி வெளியே எடுத்திருந்தது. அதன் மேலும் அதே டேப், அதே மீன் நரம்பு. ஒயர்கள் போய்ச் சேர்ந்த இடம் சரக்கு அறையின் பெரிய விளக்கு. உப்புத் தண்ணீர் பட்டு எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஆனால் கேபிளின் தோல் உருகி இளகி மறுபடி இறுகியிருந்தது தண்ணீரால் இல்லை. சூட்டால். விளக்கு எரியும்போதெல்லாம் அந்த முடி போல மெல்லிய கம்பி தாங்காத சுமையைத் தாங்கி, தடவைக்குத் தடவை இன்னும் கெட்டிருக்கிறது; மின்சாரத்தை விளக்கே உறிஞ்சிக்கொண்டால் திரைகளுக்கு மிச்சமில்லை.

பேட்டரிக்குப் பக்கத்திலிருந்து புது ஒயர் இழுத்திருந்தால் அரை நாள் வேலை. கேபிள் தலைக்கு மேலேயே போகிறது, சின்ன விளக்குதானே என்று நினைத்திருப்பார். மீட்டர் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அதற்கு மேல் அவளுக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் ஃபேக்டரிக்குப் போனாள். தம்பி சாக்கைத் தோளில் போட்டபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. திரை அணைந்தபோது சரக்கு அறை விளக்கு எரிந்ததா என்று மட்டும் கேட்டாள்.

மூட்டை சரியும் சத்தம் கேட்டு அண்ணன் கீழே போனார் என்றான். விளக்கைப் போட்டார். எல்லாத் திரையும் போனது. அணைத்தார், வந்தது. ஆட்டோ பைலட் விட்டுப்போனதால் படகு தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. திரை திரும்ப வந்தபோது அவர்கள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மூட்டை மறுபடி சரிய, அண்ணன் மறுபடி விளக்கைப் போட்டார். மறுபடி எல்லாம் போனது. இதையெல்லாம் விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே தனக்கு மாதக்கணக்கானது என்றான்.

"அப்போ உங்க மேல தப்பில்லை," என்றாள் மீட்டர்.

"இருக்கு. இன்ஜினைக் குறைச்சிருக்கணும். கதவைத் திறந்து வெளியே பார்த்திருக்கணும். நான் திரையைத் தட்டிக்கிட்டு நின்னேன்."

அண்ணியிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி என்றான். பிறகு, அவள் எழுந்தபோது, சொன்னால் அம்மா கதவைத் திறப்பாரா என்று கேட்டான். வேலையை முடித்துவிட்டு அக்காவிடம் சொல்கிறேன் என்றாள். பாதி வேலையில் சொன்னால் அக்கா படகையே வேண்டாம் என்று விட்டுவிடுவாளோ என்று அவளுக்குப் பயம். அது உண்மைதான். சொல்லத் தைரியம் வரவில்லை என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு அவள் வெறி பிடித்தவள் மாதிரி வேலை செய்தாள். புதுக் கேபிளை அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தைத் தொடாமல் மேல்தளத்தின் உட்புறமாகவே கொண்டுபோனாள். செய்தி எதிரொலித்துத் திரும்பாமல் இருக்க இரண்டு முனைகளிலும் மூடி. மின்சாரத்துக்குத் தனிப் பேட்டரி, தனி ஃபியூஸ். அந்தப் பேட்டரியின் மேல் வேறு எதையும் இதில் மாட்டாதே என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். எந்தக் கேபிளோடும் சேராத இன்னொரு ஜிபிஎஸ்ஸையும் ஆழமானியையும் தனித்தனிப் பேட்டரியோடு சுக்கானுக்குப் பக்கத்தில் வைத்தாள். சரக்கு அறை விளக்குக்கு நேராக மெயின் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்தாள். பிறகு ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்றைப் பிடுங்கினால் அது மட்டும் செத்தது, மற்றது உயிரோடு இருந்தது. மெயின் கேபிளையே கழற்றினாள். அப்போதும் தனி ஜிபிஎஸ் அணையவில்லை.

அக்கா தினமும் வந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அது எதற்கு, இது எதற்கு என்று கேட்பாள். கடைசி நாள் எல்லாத் திரையும் எரிவதைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று இந்த ஒயர்களில் தெரியுமா என்று கேட்டாள்.

மீட்டர் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, ஒயரில் கண்டதையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் அக்கா, செய்து காட்டு என்றாள்.

மீட்டர் வெட்டிய துண்டைப் பழைய கேபிளோடு மறுபடி சேர்த்து, ஒரு பேட்டரியில் இணைத்தாள். ஒரு முனையில் ஒரு திரை, வெட்டிய துண்டின் ஒயரில் அதே அளவு விளக்கு. சுவிட்சை அக்காவின் கையில் கொடுத்தாள். விளக்கு எரிந்தது, திரை இருண்டது. அக்கா அணைத்தாள். திரை வந்தது. மறுபடி போட்டாள். விளக்கு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. எத்தனையோ தடவை போட்டுப் போட்டு அணைத்தாள். மீட்டர் தடுக்கவில்லை.

"கீழே இருந்தவருக்கு மேலே என்ன நடக்குதுன்னே தெரிஞ்சிருக்காது," என்றாள் அக்கா. "லைட்டு நல்லா எரியுதுன்னு சந்தோஷப்பட்டிருப்பாரு."

பிறகு கேட்டாள்: "தம்பிக்கு இது தெரியுமா?"

தெரியும், முன்னாலேயே போய்க் கேட்டேன் என்றாள் மீட்டர்.

அக்கா எழுந்தாள். மாமியாரிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னாள். அவரையும் கூட்டிக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போகவேண்டும், மீட்டரும் கூட வரவேண்டும் என்றாள். மாமியார் முதலில் நம்பவில்லை. என் பெரியவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று மருமகளிடமே சண்டைக்குப் போனாராம். அப்புறம் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் தானே செருப்பைத் தேடியிருக்கிறார்.

தம்பியின் அறை திறந்து கிடந்தது. வீட்டுக்காரர் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார். பையன் போன வாரமே காலி செய்துவிட்டான் என்றார். ஏதோ சரக்குக் கப்பலில் ஆள் எடுத்தார்கள், வருடக்கணக்கில் திரும்பி வராத கப்பலாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். எந்தக் கப்பல் என்று அவருக்குத் தெரியாது. ஐஸ் ஃபேக்டரியிலும் யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் மீட்டர், அந்தத் துண்டு பையிலேயே இருக்க, மேல்தளத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு கேபிளுக்கு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அக்கா அவளோடு சேர்ந்து நடக்கவில்லை, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று மாமியாரும் வந்தார். புது ஓட்டுநர் நல்ல மனுஷன், வாயாடி. இத்தனை சௌகரியம் என் வீட்டில்கூட இல்லை என்று மீட்டரைப் பாராட்டினார். துறைமுக வாயைத் தாண்டியதும் பெரிய திரையில் சுற்றியிருந்த கப்பல்கள் சின்னச் சின்ன முக்கோணங்களாக வந்தன. ஒவ்வொரு கப்பலும் தன் பெயரைத் தானே ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும், அதைத்தான் இது பிடித்துக் காட்டுகிறது என்று ஓட்டுநர் விளக்கினார்.

மாமியார் திரைக்குக் கிட்டே வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக்களைப் படிக்க முயன்றார். பிறகு மீட்டரைத் தேடித் திரும்பினார்.

"இதுல அவன் எதுல இருக்கான்மா?"

கப்பலின் பெயர் தெரிந்தால் கண்டுபிடிக்கலாம் என்று மீட்டர் சொன்னாள். அதுவும் பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் திரையில் தெரியும் என்றும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் திரையை விட்டு நகரவில்லை. ஒரு முக்கோணம் ஓரத்துக்குப் போய் மறையும்வரை பார்த்தார், பிறகு அடுத்ததைப் பார்த்தார். அக்கா வெளியே தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரை ஒரு தடவைகூட அணையவில்லை.