மூன்று நாள் பொறுக்காத முளைப்பாரி

மால்டா தீவில் எங்கள் ஊர்க்காரர்கள் பதினாறு குடும்பம். அங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள்; அதற்குத் தலைவன் என் கூடப்பிறந்த தம்பி மருதுபாண்டி. திருச்சுழிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் பங்குனியில் நடந்துவந்த அம்மன் பொங்கலை, அங்கே பிள்ளைகளுக்கு ஆடியில்தான் பள்ளி விடுமுறை என்று அந்த மாதத்துக்கு மாற்றியதும் இந்தச் சங்கம்தான். கோயிலுக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தவர்களாயிற்றே, ஊரும் தலையாட்டியது. நானும் சும்மாதான் இருந்தேன். அது என் தப்பு.

இந்த வருஷம் முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். என் மகள் காளீஸ்வரிக்கு இரண்டு முறை கலைந்து, இப்போது ஏழாம் மாதம். செவ்வாய்க்கிழமை, என்னைப் போல நேர்ந்துகொண்ட பத்துப் பெண்களோடு சேர்ந்து, சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தை விதைத்தேன். வெயில் படாத முளைப்பாரி வீட்டு இருட்டில் வளர்ந்த பயிரை ஒன்பதாம் நாள், புதன்கிழமை பொங்கலன்று, ஊருணியில் கரைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் சாய்ந்து அழுகிவிடும். சாய்ந்தால் நேர்ந்துகொண்டவள் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

திங்கட்கிழமை தம்பி போன் செய்தான். நாலு குடும்பத்துக்கு டிக்கெட் மாறிவிட்டதாம், பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளியாயிற்றாம், கோயில் கமிட்டித் தலைவர் ராஜபாண்டியும் சரி என்றுவிட்டாராம். அப்போ முளைப்பாரி என்ன ஆவது என்று கேட்டேன்.

"அத ஃபிரிட்ஜுல வச்சிருங்கக்கா. மூணு நாளுதான?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் அம்மா முளைப்பாரி சுமந்ததைப் பார்த்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது? ராஜபாண்டியிடம் போய்க் கேட்டால், வெளிநாட்டில் இருப்பவர்கள் மனம் நோகக்கூடாது என்கிறார். உள்ளூரில் இருப்பவர்களுக்கு மனம் என்று ஒன்று கிடையாது போல.

புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் பதினொரு பெண்களும் சட்டிகளைத் தலையில் தூக்கினோம். மேளக்காரர்கள் கமிட்டிக்குப் பயந்து வரவில்லை. வழியில் நின்று நின்று, சட்டிகளை இறக்கிவைத்துக் கைதட்டிக் கும்மி அடித்துப் போய், முழங்கால் தண்ணீரில் கரைத்தோம். என் பயிர் ஒரு முழத்துக்கு வளர்ந்து, சாயாமல் நின்றது. அதைத் தண்ணீரில் விடும்போது அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை தம்பி பட்டு வேட்டியும், அருப்புக்கோட்டையிலிருந்து பிடித்துவந்த வீடியோக்காரருமாக வந்து இறங்கினான். முளைப்பாரி வீட்டில் காலிச் சட்டிகள்தான் கவிழ்ந்து கிடந்தன. முகம் கறுக்க நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"எங்களுக்காக மூணு நாளு பொறுக்கக் கூடாதாக்கா?"

"முளைச்சது பொறுக்காது தம்பி. உள்ள ஒன் மருமக இருக்கா, போயிப் பாரு. அவ பிரசவத்தையாச்சும் ஒங்க லீவுக்குத் தள்ளிவைக்கச் சொல்லிராத."