உதடு படாமல்

தலையைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தாடை நெஞ்சைப் பார்க்கும்படி வைத்து, டம்ளர் விளிம்பை உதட்டில் பொருத்தி, ஒரு மடக்கு, விழுங்கட்டும், அப்புறம் இன்னொரு மடக்கு... எல்லாம் மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள், ஆனால் சொல்லச் சொல்லிக் கேட்கவா நர்ஸ் பயிற்சி தரும் சிஸ்டர் இன்றைக்கு பஸ் ஏறி வருகிறார், செய்து காட்டு என்பார், இந்த வீட்டில் அதை மட்டும்தான் செய்ய முடியாது. மீனம்பாள் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். பக்கவாதத்தில் விழுந்த சாரதா அம்மாளின் வலது கையைத் தூக்கினாள், ஈரமணல் மூட்டை மாதிரி கனத்தது, அக்குள், முழங்கை மடிப்பு, விரலிடுக்கு, துடைத்து, உலர்த்தி, அடுத்தது. உடம்பைத் தொடலாம். மலஜலம் பிடிக்கும் பீங்கான் சட்டியை எடுக்கலாம், கழுவலாம். புண்ணுக்குப் பவுடர் போடலாம். அதற்கெல்லாம் இந்தக் கடைத்தெருவில் வேறு ஆள் வரமாட்டார்கள் என்பதால்தான் அந்த அம்மாளின் கணவர் அரங்கநாதன் செட்டியார் சந்துப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார், அவள் போன பிறகு தீட்டுப் போகத் தண்ணீர் தெளித்து விட்டுக்கொள்கிறார்கள், கொள்ளட்டும். தொடக் கூடாதது மாடத்தில் இருந்தது. பித்தளைச் செம்பு, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். ஒரு மனுஷியின் உடம்பு முழுவதும் தொடலாம், அவள் குடிக்கும் தண்ணீரைத் தொடக் கூடாது... இதை யார் யோசித்து வைத்திருப்பார்கள், உட்கார்ந்து யோசித்திருப்பார்களா, தானாக வந்ததா?

ரஞ்சிதம் உள்ளே வந்தாள். செட்டியாரின் தங்கை, கல்யாணமான கொஞ்ச நாளில் திரும்பி வந்தவள், வெள்ளைப் புடவை. மீனம்பாள் கட்டியிருப்பதும் வெள்ளை, பயிற்சியில் கொடுத்தது. வாசற்படியிலேயே நின்று ரஞ்சிதம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடி இது, நானும் வெள்ள, நீயும் வெள்ள. அண்ணி கண்ணத் தெறந்து பாத்தா எழவு வூடுன்னுல்ல நெனச்சிக்குவாங்க." சிரித்தாள். மீனம்பாளும் சிரித்தாள், சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "தள்ளு. தண்ணி குடுக்கணும்." தள்ளி நின்றாள், சுவரோரம், தன் நிழல்கூடச் செம்பில் விழாதபடி, யாரும் சொல்லாமல், கால்கள் தாமாகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்தன. ரஞ்சிதம் செம்பை உயர்த்தினாள். "அண்ணி, ஆ காட்டுங்க." மல்லாந்த வாய், கோணிய உதடு, மேலேயிருந்து மெல்லிய கயிறு மாதிரி தண்ணீர். முதல் மடக்கு இறங்கியது. இரண்டாவதில் இருமல் வந்தது, இருமல் இல்லை அது, உள்ளே எதுவோ கதவை முட்டுகிற சத்தம், முகம் சிவந்து கண் பிதுங்கி இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. "பொறை ஏறிக்கினு போச்சு, யாரோ நெனைக்கிறாங்க," என்று ரஞ்சிதம் உச்சந்தலையில் தட்டினாள், செல்லமாக, குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி. நெஞ்சுக்குள் சளி கொதித்தது, சுவரோரம் நின்றவளுக்கே கேட்டது.

அன்பு இல்லாதவள் என்றால் சுலபமாக இருந்திருக்கும். ரஞ்சிதம் அண்ணிக்குத் தலை பின்னுகிறாள், நெற்றியில் அளவு பார்த்துக் குங்குமம் வைக்கிறாள், தான் வைத்துக்கொள்ள முடியாத குங்குமம். போன தடவை சிஸ்டர் வந்தபோது நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தண்ணி எப்படிம்மா குடுக்கிறீங்க என்றார், இப்படி அண்ணாந்து ஊத்தினா மூச்சுக்குழலுக்குள்ள போகும், அதுலயே காய்ச்சல் வந்து ஆளக் கொண்டு போயிடும், உதட்டுல வெச்சிக் குடுங்க என்றார். ரஞ்சிதம் தலையை ஆட்டினாள். சிஸ்டர் தெருமுனை தாண்டுவதற்குள் சொன்னாள், "இந்த வூட்டுல கல்யாணமாயி வந்த நாள்லேருந்து ஒரு டம்ளர் வாயில வெச்சதில்ல அண்ணி. வேற யாரையும் வெக்கவும் வுட்டதில்ல. நாள பின்ன எழுந்து ஒக்காந்து, எனக்கு எச்சி தண்ணி குடுத்தியேடின்னு கேட்டாங்கன்னா நான் எங்க போயி முட்டிக்கறது?" எழுந்து உட்காருவாள் என்று நம்புகிறாள், அந்த நம்பிக்கைக்காக மூச்சுக்குழலில் ஊற்றுகிறாள்.  அன்றைக்குக் கிளம்புமுன் சிஸ்டர் மீனம்பாள் பக்கம் திரும்பி, நீ பாத்துக்கிறதானே என்று கேட்டபோது உம் என்றிருந்தாள். அந்த உம் பொய்யா? பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டு.

வீட்டார் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பயிற்சி முடிந்துவிடும். வேறு வீடு கிடையாது, அவளை உள்ளே விட்ட வீடே இது ஒன்றுதான். தேறினால் பெரியாஸ்பத்திரியில் வார்டு வேலை, சம்பளம், கையில் ஒரு தொழில். தேறாவிட்டால் அம்மாவோடு மல்லாட்டைக் கொல்லைக்கு, கடலை பிடுங்க, முழங்கால் மண்ணில், நகக்கண்ணில் மண், ரேஷனில் அரிசிக்குப் பதில் மைலோ சோளம் போடுகிற இந்த வருஷத்தில் அந்தக் கூலியும் நிச்சயமில்லை. எட்டாவது படித்தவளைக் கொல்லையில் பார்த்தால் தனகோட்டி அத்தை சும்மா இருக்குமா, நர்சம்மா வந்துட்டாங்க, கடலச் செடிக்கு ஊசி போடுங்கம்மா என்று வரப்பில் நின்று கூவும், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு இன்னும் இந்த ஒரு நாள். சிஸ்டர் வருவார், துடைப்பதைக் காட்டலாம், புரட்டுவதைக் காட்டலாம், முதுகுப் புண் ஆறியிருக்கிறது, அதைக் காட்டலாம். தண்ணீர் என்று கேட்டால் சின்னம்மா குடுத்துட்டாங்க என்று சொல்லலாம். பொய்யில்லையே.

ஆனால் அவளுக்குத் தெரியும், அதுதான் கஷ்டம். வகுப்பில் ஒருத்தி படுக்க வேண்டும், ஒருத்தி கொடுக்க வேண்டும். அவள் படுத்தாள். சாந்தி கொடுக்க வேண்டும், நெசவுக்காரர் வீட்டுப் பெண், நல்லவள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவாள், முறுக்கு வாங்கினால் பொட்டலத்தைப் பிரித்து மடியில் கொட்டுவாள். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுவந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.  அசையக் கூடாது என்று படுத்திருக்கும் மீனம்பாளின் கண்ணுக்கு மேலே டம்ளர் பிடித்த கை உயர்ந்தது, உயர்ந்தது, தண்ணீர் விழுந்தது. மூக்கில், தொண்டையில், தொண்டைக்கு அப்பால் எங்கோ, கூரை கறுத்தது, கிணற்றுக்குள் தலைகீழாக இறக்குகிற மாதிரி... எழுந்து உட்கார்ந்து இருமித் தீர்த்தாள். சாந்தி அழுதுகொண்டே மன்னிச்சிக்கோடி என்றாள். சரி பரவால்ல என்றாள். எழுந்து உட்கார முடிந்ததால் பரவாயில்லை என்றாள். எழ முடியாதவள் என்ன சொல்வாள்? இடது பக்கம் புரட்ட வேண்டும், தோளுக்கடியில் கை, இடுப்புக்கடியில் கை, சொல்லிவிட்டுப் புரட்டு என்பார் சிஸ்டர், "அம்மா, பொரட்டறேன்," சாரதா அம்மாளின் மூச்சு அவள் முழங்கையில் சூடாகப் பட்டது. கர், கர்.

இந்த அம்மாளுக்கு அவளைத் தெரியுமா? தெரிந்திருக்காது. சந்தைக்கு அம்மாவோடு வரும் நாளில் இதே சந்துக் கதவில் நின்று தண்ணீர் கேட்பார்கள், பத்துப் பதினைந்து பேர் குனிந்து கையைக் குவித்துக்கொண்டு. மற்ற வீடுகளில் ஊற்றுகிறவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஊற்றுவார்கள், கை நிறைந்ததும் நிறுத்திவிடுவார்கள், முழங்கை வழியாகப் பாதி போய்விடும். இங்கே இந்த அம்மாள், அப்போது பருத்த கை, வளையல் குலுங்க, குடிக்கிற வேகத்துக்குச் சரியாக ஊற்றுவாள், தலையை ஆட்டிப் போதும் என்கிறவரை ஊற்றுவாள். ஒரு துளி மேலே தெறிக்காது. தன்மேல் தெறிக்கக் கூடாது என்றா, குடிக்கிறவள் நனையக் கூடாது என்றா... அந்த வயதில் அப்படியெல்லாம் பிரித்துக் கேட்கத் தெரியாது, தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது பிரித்துக் கேட்கத் தெரிகிறது, தெரிந்து என்ன. ஜன்னலில் மழை விட்ட மலை வெயிலேறிக் கிடந்தது. பஸ் வந்திருக்குமா?

வாசலில் சத்தம். பால்காரி விருத்தாம்பாள். ரஞ்சிதம் போகிற வேகத்தில் செம்பையும் டம்ளரையும் மாடத்தில் வைக்க மறந்து கட்டிலோர முக்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள். "இன்னா பாலு இது, பாலா இது? சட்டியில ஊத்துனா அடி தெரியுது." "ரெண்டு நாளா மழம்மா, மாடு நனஞ்சிக்கினே மேயுது." "மாடு நனஞ்சிதா, நீ நனச்சியா?" "என் புள்ள மேல சத்தியமா..." "புள்ளய வுடு, மாட்டு மேல சத்தியம் பண்ணு பாக்கலாம்!" தெருவில் யாரோ சிரித்தார்கள். மீனம்பாளுக்கும் வாய்க்கோடியில் சிரிப்பு வந்தது, அப்போதுதான் பார்த்தாள், இடது கை உயர்ந்திருந்தது. சாரதா அம்மாளின் இடது கை. முதல் வாரமெல்லாம் அதை உயர்த்தவே மாட்டாள், இடது கையால் ஜாடை காட்டுவதா என்று வெட்கம், கண்ணாலேயே கேட்பாள். இப்போது கட்டைவிரல் வாயைப் பார்த்து வளைந்தது. தண்ணி. மீனம்பாள் வாசல் பக்கம் பார்த்தாள். "சின்னம்மா..." என்றாள், குரல் அந்தச் சண்டையைத் தாண்டவில்லை, தாண்டும்படி அவள் கூப்பிடவும் இல்லை. கட்டைவிரல் மறுபடியும் வளைந்தது. வருவாங்கம்மா. வந்து ஊற்றுவார்கள். ஊற்றினால் மறுபடியும் அந்தச் சத்தம், கர் கர் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிற இந்த நெஞ்சில் இன்னும் கொஞ்சம். இவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெரிந்தவள் சுவரோரம் நிற்கிறேன்.

செம்பு குளிர்ச்சியாக இருந்தது. எடுத்துவிட்டாளா? எடுத்துவிட்டாள், டம்ளரில் ஊற்றியும்விட்டாள், சாந்தியின் கை மாதிரி உயர்ந்துவிடக் கூடாது என்று முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். "அம்மா. தண்ணி குடுக்கப் போறேன். நான்தான், மீனம்பா." யார் என்று சொல்ல வேண்டியதில்லை, பாடத்தில் இல்லை, ஆனால் சொல்லாமல் கொடுத்தால் திருட்டு மாதிரி இருக்கும். தலையைத் தூக்கினாள், தலையணை, தாடை கீழே. நல்ல பக்கத்தில், இடது உதட்டோரம், விளிம்பை வைத்தாள். உதடு மூடியிருந்தது. கண்கள் டம்ளருக்கு மேலே அவளையே பார்த்தன, கோபமா, ஒன்றும் தெரியவில்லை, பாதி முகம்தான் எதையாவது சொல்லும், அந்தப் பாதியும் சும்மா இருந்தது. வேணாம்னா வேணாம்மா. காத்திருந்தாள். தெருவில் விருத்தாம்பாள் நாளைக்கு நுரையோடு கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விளிம்புக்குக் கீழே உதடு அசைந்தது, பிரிந்தது, பித்தளையில் பல் பட்டு டிக்கென்றது. ஒரு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரும் என்று இவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், வரவில்லை. இன்னொரு மடக்கு. கோணிய பக்கம் கொஞ்சம் வழிந்தது, மற்றதெல்லாம் உள்ளே, போக வேண்டிய வழியில் போனது, அவளுக்கு ஏன் கண் கரிக்கிறது, இதற்கா அழுவார்கள், டம்ளரில் பாதி காலியாகிவிட்டது.

வாசற்கதவு சாத்துகிற சத்தம். ரஞ்சிதத்தின் மெட்டியில்லாத கால்கள், கூடவே செருப்புக் கால்கள், "வாங்க சிஸ்டர், இப்பத்தான் பஸ்ஸா?" சாரதா அம்மாளின் இடது கை விருட்டென்று எழுந்தது. தன் முந்தானையைப் பிடித்து உதட்டைத் துடைத்தது. அழுத்தி, திரும்பவும் அழுத்தி, விளிம்பு பட்ட இடத்தையே, தாடையில் வழிந்ததை விட்டுவிட்டு அந்த இடத்தையே. மீனம்பாள் டம்ளரோடு நின்றாள். மறைக்கிறாளா? ரஞ்சிதம் கண்ணில் ஈரம் படக் கூடாது, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் வரக் கூடாது என்றா? துடைக்கிறாளா? தாகத்துக்குக் குடித்தது குடித்ததுதான், பட்டது போகட்டும் என்றா? எச்சில் என்றா, என் கை என்றா? டம்ளரைக் கவிழ்த்து வைக்க நேரம் இருந்தது. கை அதைச் செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், செய்யவில்லை.

சிஸ்டர் உள்ளே வந்து குழாயைக் காதில் மாட்டினார். நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், முகம் சுருங்கியது. "போன தடவைக்கு இன்னும் மோசமா இருக்குது. யாரும்மா தண்ணி குடுக்கிறது?" "நாங்கதான் சிஸ்டர், வூட்டு மனுஷங்க," என்றாள் ரஞ்சிதம். சொல்லும்போதே அவள் பார்வை முக்காலிக்குப் போயிற்று, செம்பைத் தேடியது, செம்பிலிருந்து மீனம்பாளின் கைக்கு வந்தது, அங்கே நின்றது. வாய் கொஞ்சம் திறந்தது. மீனம்பாள் கட்டிலைப் பார்த்தாள். ஒரு ஜாடை வேண்டும், கண்ணை மூடித் திறந்தால்கூடப் போதும், சொல்லு என்றோ சொல்லாதே என்றோ. சாரதா அம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை இன்னும் கைப்பிடியில் இருந்தது. கேட்டுச் சொல்லவும் முடியாது, இனி எந்த நாளும் அந்த வாய் சொல்லப்போவதில்லை, எழுந்து உட்கார்ந்தால் சொல்லலாம், எழுந்து உட்காரமாட்டாள், இதை ரஞ்சிதத்தைத் தவிர எல்லோரும் அறிவார்கள். எதற்காகத் துடைத்தாள் என்று தெரிந்தால்தான் வாய் திறப்பேன் என்றால்... சாயங்காலம் இவளுக்குத் தாகம் எடுக்கும்.

"நான் ஒரு வாட்டி குடுத்தேன் சிஸ்டர், இப்ப," என்றாள். "உதட்டுல வெச்சி. பொறை ஏறல." குரல் அவளுடையது மாதிரி இல்லை, ரஞ்சிதத்தின் மூச்சு கேட்டது. வேண்டாம் என்கிற அந்த ஒரு சொல் இனி ரஞ்சிதத்திடமிருந்துதான் வர வேண்டும். சிஸ்டர், எங்கே செய்து காட்டு என்றார். மீனம்பாள் குனிந்து தலையணையைச் சரிசெய்தாள், "அம்மா, தண்ணி குடுக்கப் போறேன்," என்றாள், அத்தனை பேர் முன்னால் அந்த உதடு பிரியுமா என்று தெரியாமல், பிரியாவிட்டால் அதற்கும் காரணம் தெரியப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்து.