ஓர் ஆள் அளவு கழித்து

செத்துப்போன முக்குளிப்புக்காரர், தன்னை இழுத்துக்கொண்ட கப்பல் புரொப்பெல்லரின் சின்ன மாதிரிக்குப் பின்னால், சோதனைத் தொட்டியில் வந்து நின்றார். முதலில் கண்டது அவர் பெண்டாட்டிதான். புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, எங்கே கலங்குகிறது என்று அளப்பது அவளுடைய வேலை. தண்ணீரில் மாவுபோலத் துகள் தூவி, லேசர் ஒளியடித்துப் படம் படமாக எடுப்பாள். துறைமுகத்தில் அவர் கப்பலடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தபோது மேலே எவனோ இன்ஜினைப் போட்டுவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கப்பல் உதறத் தொடங்கியது. காரணம் கேட்டு மாதிரியை அவளிடமே அனுப்பினார்கள், பாவிகள்! அவளும் அளந்தாள். சுழலுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் விலகி விலகிப் போனது. விலகிய இடத்துக்குத் தலை இருந்தது, சற்று இறங்கிய இடது தோளும் இருந்தது.

அந்தத் தொழிலில் ஒற்றைப் படத்தை யாரும் நம்பமாட்டார்கள். நூற்றுக்கணக்கான சுற்றுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் கணக்கு. கைப்பழக்கத்தில் அவளும் சராசரி எடுத்து, மூலப்படங்களை அழித்துவிட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறி நின்ற மனுஷன் சராசரியில் தங்குவாரா? வெறும் தண்ணீர்தான் மிஞ்சியது. "கடல் ஒரு தடவ தொலைச்சுது, இப்ப நானே தொலைச்சுட்டேனே" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து மறுபடி மோட்டாரைப் போட்டாள். நின்றார். ஓடிப்போய் மாமியாரைக் கூட்டிவந்தாள்.

கிழவி படம் ஓடிய திரையைத் தொட்டுப் பார்த்தாள். "குளிருதான்னு கேளுடி."

"கேக்க முடியாது அத்தை. மோட்டார் நின்னா போயிடுவாரு."

"அப்ப அந்தச் சனியன் சுத்திக்கிட்டே இருக்கணுமா, என் புள்ளைக்குப் பின்னாடியே?"

"நிறுத்திடவா?"

மாமியார் மருமகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி."

அடுத்த கப்பலின் மாதிரியை மாட்டவேண்டும் என்று தொட்டி அதிகாரி வந்தார். மருமகள் சுவிட்சை மறித்து நின்றாள், கெஞ்சினாள், கடைசியில் காலில் விழுந்தாள். அவர் அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டு, மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் அடங்கியது. திரையில் ஒன்றுமில்லை. கிழவி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். புது மாதிரி சுழன்றபோது அதன் பின்னாலும் தண்ணீர் அதேபோல விலகியது. அதற்கடுத்த கப்பலுக்கும் அப்படியே. அதன்பின் எந்த அளவு எடுத்தாலும் ஓர் ஆளைக் கழித்துக்கொள்வது அங்கே விதியாகிவிட்டது. கழித்துத் தருவது அவள்தான். அவர் அளவு வேறு யாருக்குத் தெரியும்?