கோழியை அடைச்சு வைங்க

காளியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த முருகன் பாட்டு பாதியில் நின்றது. யாரோ மைக்கைத் தட்டினார்கள். பிறகு ஊர்த் தலைவர் மருதுபாண்டியின் குரல் வந்தது. "நாளைக்கு விடியக்காலம் எல்லாரும் அவுகவுக கோழிய அடைச்சு வைங்க. ஆடு மாட்ட மேலக்காட்டுப் பக்கம் பத்த வேணாம். சின்னப்பிள்ளைகளயும் அங்கிட்டு விடாதீங்க." அவ்வளவுதான். பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது.

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோழியை அடை என்றால் அந்த ஊருக்கு விளங்கும். நெல்லில் மருந்து பிசறப் போகிறார்கள். மயிலுக்கு என்று மட்டும் எவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மயிலை அடித்தால் பாவம், கல்லெறிந்தாலும் பாவம். வரப்போரம் நாலு பிடி நெல் கிடந்து, அது தானாக வந்து தின்று தானாகச் செத்துப்போனால் அதன் தலையெழுத்து. மருதுபாண்டி தை மாதம் தவறாமல் பழனிக்கு நடக்கிற ஆள். அவருடைய காவடியில் செருகியிருக்கும் பீலி அத்தனையும் இதே மேலக்காட்டில் பொறுக்கியதுதான்.

ராமலெட்சுமி தேய்த்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். நெட்டச்சி இன்னும் மரமேறவில்லை. சுவர்மேல் நின்று, ஏறலாமா என்று கழுத்தை நீட்டி நீட்டிக் கிளையை அளந்துகொண்டிருந்தது.

போன வருஷம் சீமைக்கருவேலை தூரெடுக்க வந்த ஜேசிபி ஒரு புதரைப் புரட்டியபோது நாலு மயில் முட்டை கிடந்தன. உடைத்துப்போட அவளுக்குக் கை வரவில்லை. வீட்டில் கருப்பிக் கோழி அடைக்குப் படுத்திருந்தது. அதன் அடியில் தள்ளிவிட்டாள். இரண்டு பொரித்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மற்றதுதான் நெட்டச்சி. கருப்பியின் பின்னாலேயே திரிந்து, குப்பையைக் கிளறி, பருந்தைக் கண்டால் அதன் இறக்கைக்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு வளர்ந்தது. இப்போது கருப்பியைவிட நாலு மடங்கு உயரம். ஆனாலும் கருப்பி ஒரு கொத்துக் கொத்தினால் பதறி ஒதுங்கும். அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு. "ஏண்டி லெச்சுமி, ஒன் மகளுக்கு எப்பத்தேன் புத்தி வரும்? எம்புட்டு ஒசரம் வளந்து என்ன, கோழிக்குப் பயப்படுது பாரு" என்பாள்.

இந்த மருந்து யோசனையே ராமலெட்சுமியின் வாயிலிருந்து கிளம்பியதுதான். புழுதியில் விதைத்த நெல்லை மயில்கள் வரிசை பிடித்துக் கிளறித் தின்றுவிட்டன. மறுபடி விதைத்தார்கள். மறுபடியும் தின்றன. வனத்துறைக்குப் போன் போட்டால் மனு எழுதித் தரச் சொன்னார்கள். போன வெள்ளிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றபோது அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சாமி வாகனம் சாமி வாகனம்னு எத்தன நாளைக்குக் கும்புடுறது? சாமியே வந்து வெதைக்கட்டும். நாலு கெடந்து செத்தாத்தேன் மத்ததுக்குப் புத்தி வரும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஆம்பளைகள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் போல. பொம்பளையே சொல்லிவிட்டாள் என்று ஆளாளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அப்போது அவள் நினைப்பில் நெட்டச்சி இல்லை. அவள் சொன்னது காட்டு மயில்களை. நெட்டச்சியும் பகலெல்லாம் அந்தக் காட்டு மயில்களோடுதான் மேய்கிறது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன.

பொரிகடலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "பா பா பா" என்று கூப்பிட்டாள். சுவரிலிருந்து இறங்கி வந்தது. கழுத்தை வளைத்துக் கடலையை எடுத்த நேரம் பார்த்து இரண்டு இறக்கையையும் சேர்த்து அமுக்கினாள். திமிறியதில் நகம் முழங்கையைக் கிழித்தது. கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையில் போட்டுப் பார்த்தால் நிற்க முடியாமல் கழுத்து மடங்கியது. கடைசியில் கக்கூஸில் கொண்டுபோய் விட்டாள். கவர்மெண்டு கட்டிக்கொடுத்த அந்தக் கக்கூஸில் தண்ணீர் வசதி கிடையாது. அதனால் அதற்குள் விறகும் உர மூட்டையும்தான் எப்போதும் இருந்தன.

புருஷன் மாரிச்செல்வம் வந்ததும் வராததுமாகச் சத்தத்தைக் கேட்டுவிட்டான்.

"உள்ள எதையடி அடைச்சிருக்க?"

"கோழியத்தேன். மைக்குல சொன்னாகள்ல?"

அவன் கக்கூஸ் கதவைப் பார்த்தான். அவளுடைய முழங்கையைப் பார்த்தான். "எத்தன நாளைக்கு அடைச்சு வைப்ப?"

"நாளைக்கு ஒரு நாப்பொழுது. நீங்க போடுற மருந்து முடியிற மட்டும்."

"நான் போடுறதுங்கிற. நீ சொன்னதுதான அது?"

"ஆமா, நாந்தேன் சொன்னேன். இல்லைங்கல. எம்புட்டோ சொல்லியிருக்கேன், நீங்க தண்ணியடிக்கிறத நிறுத்தச் சொல்லி, இந்தக் கக்கூசுக்குக் கொழா போடச் சொல்லி. அதெல்லாம் ஏறல. இது மட்டும் ஏறிருச்சாக்கும்."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

விடியுமுன் அவன் மேலக்காட்டுக்குப் போய்விட்டான். வெளுக்கிற நேரத்துக்கு நெட்டச்சி கத்தத் தொடங்கியது. மரத்தில் இருக்கும்போது அதன் சத்தம் காற்றோடு போய்விடும். நாலு சுவருக்குள்ளிருந்து, சன்னமான காற்றோட்டத் துவாரம் வழியாக வந்தபோது அது வேறு மாதிரி இருந்தது. ராமலெட்சுமி இரண்டு தடவை கதவைத் தட்டி "சும்மா கெடடி" என்றாள். மூன்றாவது தடவை அது கத்தியபோது கண்மாய்க் கரையிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பதில் இங்கிருந்து. பிறகு அங்கிருந்து, இன்னும் கிட்டத்தில்.

வழக்கமாக அந்த நேரத்தில் காட்டு மயில்கள் கருவேல மரங்களிலிருந்து இறங்கி நேராக மேலக்காட்டுக்குத்தான் போகும். இன்று முதலில் ஒரு சேவல் மயில் வந்து அவள் வீட்டு வேலியில் உட்கார்ந்தது. தோகை உதிர்ந்த பருவம். வால் மொட்டையாக, கழுத்து மட்டும் நீலமாக மினுங்கியது. அடுத்து இரண்டு பேடை. அதன் பின்னால் குஞ்சுகளோடு இன்னொன்று. எல்லாம் கக்கூஸ் பக்கம் தலையைத் திருப்பி நின்றன.

பிச்சையம்மாள் வாசல் தெளிக்க வந்தவள், வாளியோடு நின்றுவிட்டாள். "அடியே, ஒன் மகளுக்குச் சம்மந்தம் பேச வந்துட்டாகளா?" என்று தொடங்கியவள், மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு குரலை இறக்கி, "வெரட்டிவிடாத. இங்கன இல்லாட்டி அங்கனதேன் போகும்" என்றாள். சொல்லிவிட்டு, தான் எதுவும் சொல்லாதவள் போல விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ராமலெட்சுமிக்கு அப்படியே நிற்க முடியவில்லை. கோலமாவு டப்பாவை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள். சேவல் சலித்துப்போய் மேற்கே கழுத்தைத் திருப்பியது. ஒரு குஞ்சு வேலிக்கு அந்தப் பக்கம் குதித்தது.

இவற்றுக்கு ஒருநாள் நெல் போட்டால் தினம் வரும். இந்த வாசலில் தின்றுவிட்டு மிச்ச வயிற்றுக்கு ஊர்க் காட்டுக்குப் போகும். மாரிச்செல்வம் பெண்டாட்டி மயிலுக்குத் தீனி போட்டு வளர்க்கிறாள் என்று நாளைக்கே மருதுபாண்டி அதே மைக்கில் சொன்னாலும் சொல்வார். பயிர் முளைக்காவிட்டால் பழி அவள் தலையில்தான். அத்தனையும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் உள்ளே போய், பட்டுப்போன இடத்தில் மறு விதைப்புக்கென்று வைத்திருந்த நெல்லைச் சொளகில் அள்ளி வந்தாள். வாசலில் விசிறினாள். "பா பா பா." கருப்பிதான் பஞ்சாரத்துக்குள் முதலில் சிறகடித்தது. பிறகு சேவல் இறங்கியது. பிறகு மற்றவை. குதித்துப்போன குஞ்சு வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தது.

கொஞ்ச நேரத்தில் மாரிச்செல்வம் திரும்பினான். இரண்டு கையையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான். மருந்து வாடை அவனுக்கு முன்னால் வந்தது. வாசலில் மயில்களைப் பார்த்ததும் நின்றான். விரட்டுவதற்குக் கையை உயர்த்தினான். உயர்த்திய கை அப்படியே நின்றது.

"வெத நெல்லா?"

"ஆமா."

"மருது அண்ணன் பின்னால வாரார்டி."

"வரட்டும்."

அவன் உயர்த்திய கையை இறக்கினான். "தண்ணி ஊத்து" என்றான். அவள் செம்பில் மொண்டு அவன் கையில் ஊற்றினாள். சோப்பைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தான். மருந்து கரைந்த நுரையும் தண்ணீரும் தரையில் விழுந்து, வாசல் சரிவில், நெல் கிடந்த பக்கம் வாய்க்கால் பிடித்து ஓடின. அவள் பதறிப்போய்க் குதிகாலால் மண்ணை இழுத்துக் குறுக்கே ஒரு வரப்பு வைத்தாள். தண்ணீர் முட்டி நின்று, வலப்பக்கம் சுற்றப் பார்த்தது. மாரிச்செல்வம் நுரைக் கையை நீட்டியபடியே தன் காலால் அந்தப் பக்கத்து மண்ணை இழுத்தான்.

தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது. கக்கூஸுக்குள்ளிருந்து நெட்டச்சி இன்னொரு தடவை கத்தியது. சேவல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நெல்லைக் கொத்தியது. வரப்புக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் அவரவர் காலை எடுக்காமல் மண்ணின் மேல் அமுக்கியபடி நின்றார்கள்.