இனித்த மண்

பிரித்து நீட்டிய செய்தித்தாள் பொட்டலத்தில் அந்த வெள்ளை, அரிசி மாவைவிட மெல்லிய வெள்ளை, புதுமழை பட்ட தரையின் வாசனை அதிலிருந்து கிளம்பி என் தொண்டைவரை வருகிறது, நான் மறுபடி முழுகாமல் இருக்கிறேன், எச்சில் ஊறுகிறது, மானங்கெட்ட வாய், எதை நினைத்துக் காறித் துப்ப வேண்டுமோ அதையே கேட்கிறது, பொட்டலத்தை நீட்டுகிறவர் என் கணவர் தனவேல், போன முறையும் இதே கைதான் நீட்டியது, நாங்கள் இருவரும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை, நான் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவள், அவர் அடுத்த கொட்டகையில் பூச்சு கலக்குகிறவர், அங்கே எல்லாமே வெள்ளை, உருவத்தைப் பிடித்து நிறுத்தும் களி வெள்ளை, தீயில் உருகி ஒட்டவைக்கும் பெல்ஸ்பார் கல்தூள் வெள்ளை, சூளையில் பொம்மை சாயாமல் காக்கும் வெங்கச்சங்கல் தூள் வெள்ளை, கடைசியில் பளபளப்புக்காக மேலே பூசும் ஈயம் கலந்த தூளும் வெள்ளைதான், எங்களில் யாருக்கு மசக்கை வந்தாலும் களித் தொட்டியில் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வோம், பல்லில் நறநறத்தால் கல் கலந்தது, துப்பிவிடுவோம், வழுக்கினால் சுத்தக் களி, கண்ணை மூடி விழுங்குவோம், மண்ணுக்கு அதைவிட வேறு பரீட்சை எங்களுக்குத் தெரியாது.

போன முறை கால் வீங்கி நான் வேலைக்குப் போகாமல் கிடந்த நாட்களில் அவர்தான் சாப்பாட்டுத் தூக்கில் மறைத்துக் கொண்டுவந்தார், ஒருநாள் அது வழுக்கியது, கூடவே லேசாக இனித்தது, என்னங்க இது, இனிக்குதே என்றேன், மசக்கக்காரி வாய்க்கு எல்லாம் இனிக்கும், தின்னு என்று சிரித்தார், எவ்வளவு அன்பு என்று பூரித்துப்போனேன், பிறகு அந்த இனிப்பையே கேட்டேன், அவரும் அதையே கொண்டுவந்தார், வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தது ஒருநாள் உதைக்கவில்லை, பெண் குழந்தை, அழாமல் பிறந்தது, ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கும்மா, எங்கேருந்து வந்துச்சு என்றார் டாக்டரம்மா, நான் கணவர் முகத்தைப் பார்த்தேன், ஒண்ணும் புரியலீங்களே என்றார் அவர், எனக்கும் புரியவில்லை, காற்றில் வந்த தூசியாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன், பால் கட்டிய மாரில் துணியை இறுக்கிச் சுற்றி உள்ளே படுத்திருந்தேன், வாசலில் துக்கம் விசாரிக்க வந்த நாத்தனாரிடம் அவர் சொல்வது கேட்டது, மண்ணத் திங்காதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டன்க்கா, கேட்டாளா இவ, துக்கத்தில் இருப்பவர் எதையோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன், அன்றுமுதல் ஊருக்கெல்லாம் நான் மண்ணைத் தின்று பிள்ளையைத் தின்றவள், குழாயடியில் என் குடத்துக்கு வழிவிடுகிறவர்கள்கூட என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் வழிவிடுகிறார்கள், அத்தனையையும் பொறுத்துக்கொண்டேன், அவருக்கும் தெரியாதுதானே என்று பொறுத்துக்கொண்டேன்.

பயப்படாமத் தின்னு என்கிறார் இப்போது, குரலில் அதே கனிவு, களித் தொட்டியிலேருந்து நானே பாத்து அள்ளுனது, அன்னிக்கி மாதிரி பூச்சுத் தொட்டி இல்ல. சொன்னது என்ன என்பதே அவருக்கு உறைக்கவில்லை, பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளுகிறார், டாக்டரம்மா கேட்டபோதே இவருக்குத் தெரிந்திருக்கிறது, நாத்தனாரிடம் சொன்னபோது தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் என் பக்கத்தில் படுத்து எழுந்தபோதும் தெரிந்திருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோகிறேன், மொதல்ல நீங்க தின்னுங்க. அவர் என் விரலைப் பார்க்கிறார், பொட்டலத்தைப் பார்க்கிறார், வாயைத் திறக்கவில்லை.